உடுமலை நாராயணகவி - திரைக்குப் பின்னால் நின்ற கவிராயர்

'பராசக்தி' படத்தில் காக்கைகளைப் பார்த்துப் பாடுகிற பாட்டு தெரியாத தமிழர்கள் குறைவு. 1952 தீபாவளிக்கு வந்த படம் அது. சிவாஜி கணேசனுக்கு முதல் படம். பாடியவர் சி.எஸ்.ஜெயராமன், இசை ஆர்.சுதர்சனம், வசனம் மு.கருணாநிதி. இவ்வளவும் பலருக்குத் தெரியும். "அந்தப் பாட்டை எழுதியது யார்?" என்று கேட்டால்தான் தடுமாற்றம் வருகிறது. ஒருவர் பாரதிதாசன் என்பார். இன்னொருவர் கண்ணதாசன் என்பார். இருவரும் இல்லை.

எழுதியவர் உடுமலை நாராயணகவி. நான்காம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். தீப்பெட்டி விற்றவர், கதர்க்கடை வைத்து நட்டப்பட்டவர். இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பூளவாடிதான் அவர் ஊர்.

தமிழ் சினிமாப் பாட்டின் வரலாறு பெரும்பாலும் சென்னை ஸ்டுடியோக்களிலிருந்தே எழுதப்படுகிறது. நாராயணகவியின் வாழ்க்கையைப் பார்த்தால் அது கொங்கு நாட்டுக் கோயில் திடல்களிலிருந்தும் தொடங்குகிறது என்பது புரியும்.

பூளவாடிச் சிறுவன்

நாராயணகவி பிறந்தது 1899 செப்டம்பர் 25. இயற்பெயர் நாராயணசாமி. பெற்றோர் கிருஷ்ணசாமி, முத்தம்மாள். பூவிளைவாடி என்ற பெயரே பூளவாடி ஆனது என்பார்கள். உடுமலைப்பேட்டை வட்டத்தில் உள்ள இந்த ஊர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அன்று இருந்தது மானாவாரிக் காடும், பருத்தியும், வறுமையும்தான்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப் படிப்பு நின்றது. பிழைப்புக்குத் தீப்பெட்டி விற்கும் வேலை. சுற்றுப்பக்கக் கிராமங்களுக்கு நடந்தே போய் விற்றுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த நடையில் காசு அதிகம் கிடைக்கவில்லை, ஆனால் காதுக்கு நிறையக் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கொங்கு கிராமங்களில் நோன்பு, திருவிழா என்றால் ஆட்டமும் பாட்டும் இல்லாமல் நடக்காது. புரவியாட்டம், சிக்கு மேளம், தம்பட்டம், ஒயில் கும்மி, உடுக்கடிப் பாட்டு... இவை எல்லாவற்றையும் சிறுவன் நாராயணசாமி பார்த்தும் ஆடியும் கற்றுக்கொண்டார்.

இதில் உடுக்கடிப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன்மார் கதை என்னும் பொன்னர் - சங்கர் கதையை உடுக்கை அடித்துக்கொண்டே பல இரவுகள் பாடுவார்கள். கையில் புத்தகம் கிடையாது. பாட்டாகவும் பேச்சாகவும் மாறி மாறிப் போகும். 1965-ல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஒலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னால் அது புத்தகமாகவே வந்தது. உடுக்கடிக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பகலெல்லாம் காட்டில் வேலை செய்துவிட்டு வந்த கூட்டம். அவர்களைத் தூங்கவிட்டால் பாட்டுக்காரர் தோற்றார். ஆகவே சொல் எளிதாக இருக்க வேண்டும், தாளம் இழுக்க வேண்டும், சிரிக்கவும் வைக்க வேண்டும்.

நாராயணகவி படித்த உண்மையான பள்ளிக்கூடம் இதுதான்.

நாடக வாத்தியாரின் பட்டறை

பூளவாடியில் நடந்த ஒரு இராம நாடகத்தில் சிறுவன் நாராயணசாமி இலட்சுமணனாக நடித்தார். உடுமலை முத்துசாமிக் கவிராயரின் பார்வை அவர் மேல் விழுந்தது. கவிராயர் நடத்திய ஆரிய கான சபாவில் சேர்ந்து, அவரோடு பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார்.

அன்றைய நாடகக் குழு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். இரவு தொடங்கினால் விடியும்வரை நாடகம். ஒலிபெருக்கி கிடையாது. நடிகர்கள் தொண்டையை நம்பியே பாட வேண்டும். குழுவில் 'வாத்தியார்' என்று ஒருவர் இருப்பார். கதையை அமைப்பது, வசனம் சொல்லிக் கொடுப்பது, பாட்டுக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. ஒரு ஊரில் ஒரு பாட்டு எடுபடவில்லை என்றால் அடுத்த ஊருக்குள் மாற்றியாக வேண்டும். இன்று திரைக்கதை, வசனம், பாடல் என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலையை அன்று வாத்தியார் ஒருவரே செய்தார்.

அந்த வாத்தியார் தொழிலைத்தான் நாராயணகவி கற்றார். மெட்டுக்குச் சொல் வைப்பது, நடிகரின் குரலுக்கு ஏற்றபடி சொல்லைத் தேர்வது, காட்சியைப் பாட்டாலேயே நகர்த்துவது. பிற்காலத்தில் சினிமா அவரிடம் கேட்டதும் இவற்றைத்தான்.

கதரும் கடனும்

1920-களில் கொங்குப் பகுதி முழுவதும் கதர் வீசியது. பனியன் ஊர் ஆவதற்கு முன்னால் திருப்பூர் கதர் ஊராகத்தான் இந்தியாவுக்குத் தெரிந்தது. 1925-ல் காந்தியின் முயற்சியால் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டு வேலைகளுக்குத் திருப்பூர் முக்கிய மையமாக இருந்தது. ஈரோட்டில் அன்று காங்கிரஸ்காரராக இருந்த பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றிருக்கிறார். 1932 ஜனவரியில் திருப்பூர் குமரன் கொடியோடு அடிபட்டு உயிர் விட்டதும் இதே சூழலில்தான்.

நாராயணகவியும் இந்த அலையில் இறங்கினார். தேசியப் பாடல்கள் எழுதி மேடைகளில் பாடினார். கதர்க்கடையும் வைத்தார். ஆனால் உணர்ச்சி வேறு, வியாபாரம் வேறு! கதர் முரடு, விலையும் அதிகம். மில் துணி வழவழப்பு, விலையும் குறைவு. கடனுக்கு வாங்கிப் போகிறவர்கள் திருப்பித் தர நாளாகும். கடை நட்டத்தில் முடிந்தது. கடன் ஏறியது. இந்தக் கடனை அடைத்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இன்றும் திருப்பூர் வட்டாரத்தில் சிறு முதலில் தொழில் தொடங்கி, துணியில் போட்ட பணம் திரும்பாமல் திணறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகப் புரியும். நாராயணகவி கையில் மிச்சமிருந்த ஒரே சரக்கு பாட்டு.

மதுரையிலிருந்து சினிமாவுக்கு

மதுரை அப்போது தமிழ் நாடகத்தின் தலைநகர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918-ல் அங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். இந்த சுவாமிகள் மரபில்தான் நாராயணகவியின் யாப்புப் பயிற்சி முழுமை பெற்றது. கேள்வியறிவாக இருந்த தாளம் இப்போது இலக்கணமாகவும் ஆனது. நாடகங்களுக்குப் பாட்டு எழுதினார். இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் எழுதினார். நாராயணசாமி என்ற பெயர் நாராயணகவி ஆனது.

1931-ல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. பேசியது என்பதைவிடப் பாடியது என்பதே சரி. 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டுகள்! பின்னணி பாடும் முறை இன்னும் வரவில்லை, நடிகர்களே காமிரா முன் பாட வேண்டும். எனவே நாடக நடிகர்களைப் போலவே நாடகப் பாட்டு வாத்தியார்களும் சினிமாவுக்குத் தேவைப்பட்டார்கள். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று கொங்குப் பகுதியிலேயே படத் தொழில் வேரூன்றியது. இந்த வழியில்தான் நாராயணகவி சினிமாவுக்குள் வந்தார்.

கலைவாணரும் கிந்தனாரும்

நாராயணகவியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நட்பு. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் (1908-1957) நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். வில்லுப்பாட்டிலும் தேர்ந்தவர். ஒருவருக்கு உடுக்கடி, இன்னொருவருக்கு வில்லு. இருவருக்கும் பார்வையாளர் ஒருவர்தான் - தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஏழை மனிதர்.

கலைவாணருக்குப் படத்தில் தனி நகைச்சுவைப் பகுதி இருக்கும். பல படங்களில் அது முதன்மைக் கதையோடு ஒட்டாமல் தனியாகவே எடுத்துச் சேர்க்கப்பட்டது. அந்தச் சின்ன இடத்தைத்தான் இருவரும் சமூகத்தைப் பேசும் மேடையாக மாற்றினார்கள். வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் இயந்திரம் வேண்டும் என்று மனைவி கேட்க, கணவன் விஞ்ஞானம் பேச, கலைவாணரும் டி.ஏ.மதுரமும் பாடிய பாட்டு நாராயணகவி எழுதியதுதான். மிக்ஸியும் கிரைண்டரும் நடுத்தர வீடுகளுக்கு வராத காலத்தில் எழுதிய பாட்டு அது!

இருவரும் சேர்ந்து செய்ததில் சிகரம் 'கிந்தனார்' கதாகாலட்சேபம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக ஆசைப்படுகிறான். ஆண்டை விடுவதில்லை. கடைசியில் தீயில் புகுந்து இறைவனோடு கலக்கிறான். பாகவதர்கள் சிப்ளாக்கட்டையோடு மணிக்கணக்கில் சொன்ன கதை. கேட்டவர்கள் அழுதார்கள். ஆனால் கதை முடிந்ததும் நந்தனின் ஆட்கள் கோயிலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

நாராயணகவி அந்தக் கதையின் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். அதே காலட்சேப நடை, அதே பாகவதர் பாணி, அதே ஏக்கம். மாற்றியது ஒன்றை மட்டும். நந்தன் போக நினைத்தது கோயிலுக்கு, கிந்தன் போக நினைப்பது பள்ளிக்கூடத்துக்கு. நந்தன் தீயில் மறைந்தான், கிந்தன் படித்துப் பெரிய பதவியில் ஊர் திரும்புகிறான்.

யோசித்துப் பாருங்கள். மேடையில் நின்று நேரடியாகத் தீண்டாமையைக் கண்டித்தால் சிலர் எழுந்து போயிருப்பார்கள். பழகிய காலட்சேபத்தின் உடையில் வந்ததால் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள், சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் தாங்கள் எதைக் கேட்டோம் என்று உறைத்திருக்கும். கூட்டத்தைத் தூங்கவும் விடாமல் எழுந்து போகவும் விடாமல் பிடித்து வைக்கிற அந்த உடுக்கடி வித்தைதான் இங்கேயும் வேலை செய்தது. எழுதியவரோ நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். படிப்பு கிடைக்காத ஒருவர்தான் படிப்பை மோட்சமாக வைத்துக் கதை எழுதினார்!

1949

இந்த ஆண்டு நாராயணகவிக்கு மிக முக்கியமானது. அண்ணாவின் கதையில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் எடுத்த 'வேலைக்காரி'. இன்னொன்று கலைவாணர் நடித்த 'நல்லதம்பி'. இரண்டிலும் நாராயணகவியின் பாடல்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது.

'வேலைக்காரி' கதையில் கதாநாயகனின் தந்தை கடன் கொடுத்தவரின் கொடுமையால் தூக்கிட்டுக்கொள்கிறார். கடனுக்காக ஊரை விட்டு வந்த கவிஞருக்கு இந்தக் கதையின் வலியை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

'நல்லதம்பி'க்கு மூலம் பிராங்க் காப்ரா 1936-ல் எடுத்த ஹாலிவுட் படம். திடீரென்று பெரும் சொத்து கிடைத்த ஒரு எளிய மனிதனின் கதை. ஆனால் தமிழில் பார்ப்பவர்களுக்கு ஹாலிவுட் நினைவே வராது. மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. குடியின் கேட்டைப் பற்றிய பாட்டும், கிந்தனார் காலட்சேபமும் அதைத் தமிழ்நாட்டுக் கதையாகவே ஆக்கிவிட்டன.

ஆன்மிக நாடகம், தேசியம், கதர் என்று தொடங்கியவர் இப்போது பகுத்தறிவுப் பக்கம் வந்திருந்தார். 'பகுத்தறிவுக் கவிராயர்' என்ற பெயரும் வந்தது. கதர் மூட்டை சுமந்த பெரியார் போன அதே வழிதான். ஆனால் நாராயணகவி பழையதை உடைத்து எறியவில்லை. பழைய மெட்டு, பழைய கும்மி, பழைய சிந்து... உள்ளே வைத்த சரக்கு மட்டும் புதிது.

'பராசக்தி'யின் காக்கைப் பாட்டும் அப்படித்தான். உணவைக் கண்டால் மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் காக்கையை வள்ளுவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். நாராயணகவி அந்தக் கருத்தை எடுத்து, பதுக்கலும் பசியும் நிறைந்த 1950-களின் தெருவில் வைத்தார். குழந்தைகூடப் பாடும்படி எளிமையாக்கினார். குறள் படிக்காதவரும் குறளைப் பாடினார்கள்.

தொடர்ந்து 'தேவதாஸ்' (1953), 'தூக்குத் தூக்கி' (1954) என்று பல படங்கள். 'தேவதாஸ்' காதல் சோகம். 'தூக்குத் தூக்கி'யோ பழைய நாடக மேடைக் கதை, டி.எம்.சௌந்தரராஜன் முதன்முதலில் சிவாஜிக்குப் பாடிய படம். சீர்திருத்தம் மட்டுமல்ல, கண்ணீரும் கேலியும் எழுத அவருக்கு வந்தது.

திரைக்குப் பின்னால்

தோல்பாவைக் கூத்தில் ஒரு ஆள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாவைகளை ஆட்டிக்கொண்டே இராமனுக்கும் பேசுவார், உச்சிக்குடும்பனுக்கும் பேசுவார். பார்ப்பவர்களுக்குப் பாவைதான் தெரியும். சினிமாவில் எழுதுகிறவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். இதற்கு உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு சுவையான உதாரணம் உண்டு. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ரேஸோ கப்ரியாட்ஸே (1936-2021) சோவியத் காலத்தில் 'மிமினோ', 'கின்-ட்ஸா-ட்ஸா' போன்ற புகழ் பெற்ற படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். படங்கள் இயக்குநர்களின் பெயராலும் நடிகர்களின் முகத்தாலும்தான் நினைக்கப்பட்டன. 1981-ல் அவர் திபிலிசி நகரில் ஒரு சின்னப் பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கினார். கதை அவருடையது, பொம்மையும் அவருடைய கற்பனை. ஸ்டாலின்கிராட் போரைப் பற்றிய அவருடைய பொம்மலாட்டத்தில், மகளை இழந்த ஒரு எறும்புத் தாய் அழுகிறாள். உலகம் முழுவதும் பார்த்து நெகிழ்ந்தார்கள்.

கப்ரியாட்ஸே சினிமாவிலிருந்து பொம்மலாட்டத்துக்குப் போனார். நாராயணகவி எதிர்த்திசையில், கிராமத்துக் கூத்திலிருந்து சினிமாவுக்கு வந்தார். கப்ரியாட்ஸேவுக்குத் தன் கையால் ஆளும் ஒரு அரங்கு கடைசியில் கிடைத்தது. நாராயணகவிக்கு அப்படி ஒன்று இல்லை. அவர் சொற்கள் கலைவாணரின் சிரிப்பிலும் ஜெயராமனின் குரலிலும் சிவாஜியின் முகத்திலும்தான் வாழ்ந்தன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. அந்தப் புத்தகங்கள் மறைந்தன, பாட்டு மட்டும் மிஞ்சியது.

1957-ல் கலைவாணர் மறைந்தார். மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் என்று அடுத்த வரிசை எழுந்தது. படங்களில் பாட்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. கலைமாமணி விருது பெற்ற கவிராயர் 1981 மே 23 அன்று காலமானார். உடுமலைப்பேட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2008 கடைசியில் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது.

எது மிச்சம்?

நாட்டுப்புறக் கலை அழிந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஒயில் கும்மிக்கு ஆள் சேர்வதே பல ஊர்களில் கஷ்டம். உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கலைகள் முழுவதும் மண்ணுக்குள் போய்விடவில்லை. ஒரு பகுதி நாராயணகவி போன்றவர்களின் கை வழியாகச் சினிமாப் பாட்டுக்குள் புகுந்தது. எளிய சொல், இழுக்கும் தாளம், சிரிக்க வைத்துக்கொண்டே குத்துவது - இன்று தமிழ் சினிமாப் பாட்டின் இயல்பு என்று சொல்லப்படும் பலவும் அங்கிருந்து வந்தவைதான்.

திருப்பூரில் தைக்கிற பனியன் உலகமெங்கும் போகிறது. கழுத்துப்பட்டையில் இருப்பது வேறு கம்பெனியின் பெயர், தைத்தவர் பெயர் எங்கும் இருக்காது. அதே மண்ணில் பிறந்த கவிராயரின் பாட்டுக்கும் ஏறக்குறைய அதுவே நடந்திருக்கிறது. பனியனைத் தைத்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். பாட்டை எழுதியவரைத் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமில்லை. அடுத்த முறை அந்தக் காக்கைப் பாட்டு எங்காவது காதில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் பூளவாடி நாராயணகவி என்று சொல்லுங்கள்.